கோணேஸ்வரியின் குளிர் ஜக்கெற்

துறைமுக வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் யார் வெளிநாடு போனாலும் முதலில் கோணேஸ்வரி வீட்டுப் படலையைத்தான் திறப்பார்கள். ஒழுங்கைக்கே ஒரேயொரு குளிர் ஜக்கெற் அவளிடம்தான் இருந்தது. விமானம் ஏறும்வரை பயணத்தைப்பற்றி மூச்சுவிடக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள பயம். ஆனாலும் ஜக்கெற் வேண்டுமே. ஊருக்கு ஒளித்த பயணமெல்லாம் அவளுக்கு மட்டும் தெரிந்தது அப்படித்தான்.

பாரிசிலிருந்து தங்கை ஒருமுறை வந்தபோது, "கெதியா வாங்கோ அக்கா, வரேக்க இதைப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்று விட்டுப்போன ஜக்கெற் அது. கோணேஸ்வரி அந்தச் சந்தோசத்தை வீடு வீடாகச் சொன்னாள். விசா கிடைக்கவில்லை. "எல்லாம் உம்மட வாயாலதான்" என்றார் கணவர் கனகசபை. அதற்குப் பிறகு ஜக்கெற் லண்டன் போனது, மிலான் போனது, பைக்குள் சொக்லேற்றோடு திரும்பி வந்தது. அவள் சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக்கொண்டு ஆவிக்குள்ளேயே இருந்தாள்.

இந்த மாரிக்கு அவளுக்கு விசா வந்தது. கொழும்புக்குப் போய்வந்ததைக் கேட்டவர்களுக்கு, கண் ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொன்னாள். கனகசபை சொல்லிக்கொடுத்த பொய்தான். பயணத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.

அப்போதுதான் அடுத்த வீட்டு இராசமலர், மகள் லக்சாயினியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு வேலையிடத்துப் பயிற்சி, ஒரு மாதம் லண்டனில். நாளைக்கே வெளிக்கிட வேண்டும்.

"அன்ரி, நவம்பர் கடைசியில குளிர் எப்பிடி இருக்கும்?"

ஏலாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கோணேஸ்வரி அலுமாரியைத் திறந்தாள். போய்வந்தவர்களிடம் கேட்டதையெல்லாம் அவளுடைய வாய் வழக்கம்போலத் தன்பாட்டில் கதைத்தது.

"பனி கொட்டாது பிள்ளை, ஈரக்குளிர். அதுதான் பொல்லாதது. மொத்தமா ஒண்டைப் போடாம மெல்லிசா மூண்டு போடுங்கோ. தண்ணி போகாத சப்பாத்து வேணும். குடையைக் காத்து மறுபக்கம் திருப்பிப்போடும், தொப்பிதான் நல்லம். நாலரைக்கே இருட்டிப்போம், பயப்பிடாதேங்கோ."

ஜக்கெற் படலையைத் தாண்டிப் போனது. கோணேஸ்வரி அலுமாரியைச் சாத்தினாள்.

"குடுத்திட்டீரோ? சரி, தங்கச்சி எயாப்போட்டுக்கு வேற ஒண்டு கொண்டு வருவா" என்றார் கனகசபை.

குளிருக்கு ஆயிரம் வழி பார்க்கலாம். அவளுக்கு அந்த ஜக்கெற்தான் வேண்டும். இத்தனை பேருடைய உடம்பில் ஊர் சுற்றியது ஒருமுறையாவது தன் உடம்பில் போகவேண்டும். இதைப் போய் அந்த மனுசனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விறாந்தைக் கம்பிக்கு அப்பால் மழை கொட்டியது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

லக்சாயினி கண்ணாடிக்கு முன்னால் ஜக்கெற்றோடு வியர்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, அது எனக்கு வேணும்" என்றாள் கோணேஸ்வரி. "நானும் போறன். பாரிசுக்கு."

இராசமலர் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண் ஆஸ்பத்திரிக்குப் போட்டு வந்தாப்பிறகு உங்களுக்குப் பகிடி கூடிப்போச்சுதக்கா. பக்கத்தில இருக்கிற கந்தளாய்க்குப் போகவே தலைசுத்துது எண்டுற ஆள் நீங்கள். நீங்கள் போனா எங்கட பிள்ளையளை ஆரக்கா அனுப்பிவைக்கிறது? உங்கட கையால வாங்கிக்கொண்டு போன எல்லாரும் நல்லபடியாத்தானே போய்ச் சேர்ந்தவை."

கடவுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டலாம். ஆனால் தான் போகிறேன் என்பதற்கே சாட்சி வைக்க வேண்டியிருக்கிறதே என்று கோணேஸ்வரிக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இராசமலரின் சிரிப்பில் ஒரு துளி விசமும் இல்லை. அந்த அன்போடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? அவளும் சிரித்தாள். லக்சாயினிக்குப் பாதியில் இறுகி நின்ற ஜக்கெற் சிப்பைக் கீழே இறக்கி, கழுத்துவரை தானே இழுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கனகசபை வாசலில் நின்றார். அவருக்கு முகமெல்லாம் பயம்.

"சொல்லிப்போட்டீரோ?"

"ஓம், சொன்னனான்" என்றாள் கோணேஸ்வரி. "பயப்பிடாதேங்கோ, கண்ணூறு படாது. ஒருத்தரும் நம்பேல்லை."