தண்ணீர் காட்டிய வாசல்

நெய்வேலியில் எங்கள் அகழாய்வுக்கு மண் அள்ள வந்தவர் அவர். சுரங்கத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்ற ஒல்லி மனிதர். எங்கே உட்கார்ந்தாலும், குடிக்கும் முன் கொஞ்சம் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது ஓடும் பக்கத்தைப் பார்ப்பார்.

பழைய வீட்டின் அடித்தளம் முழுதும் கிடைத்தும் வாசல் மட்டும் பிடிபடவில்லை. வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்கும் என்று அங்கேயே பத்து நாள் தேடினேன். மறுநாள் குழியை மூட வேண்டும்.

அன்று அந்த வீட்டின் சுண்ணாம்புத் தரையிலும் தண்ணீர் ஊற்றினார்.

"சார், தண்ணி கெழக்கால ஓடிக்கினு இருக்குது. வூடு கழுவுன தண்ணி பின்னால தோட்டத்துக்குத்தாங்க போவும். வாசல மேக்க பாருங்க."

மேற்கே தோண்டினோம். மாலைக்குள் தேய்ந்த படிக்கல் ஒன்று தெரிந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

அதுவரை சுவரைத் தாண்டியே வந்துபோனவர், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படியேறி உள்ளே போனார். நானும் ஷூவைக் கழற்றினேன்.