வலது பக்கத்துக் கீற்று

என் வீட்டுக்காரர் லிஃப்ட் ஆபரேட்டர். இருபத்தாறு வருஷமா பதினோரு மாடி மேலே, பதினோரு மாடி கீழே. மனுஷனுக்கு ஒரே ஆசை, தன் கையால செஞ்ச ஏதாவது ஒண்ணு பக்கவாட்டுல நேரா போகணும். அதுக்குத்தான் இந்த மரக்கப்பல். முழங்கை நீளம். பூங்காக் குளத்துல இந்தக் கரையில விட்டா எதிர்க்கரையில போய் முட்டணுமாம். நல்லா இருக்கு ஆசை!

எலும்புக்கூடு மாதிரி சட்டம் அடிச்சு, அது மேல மெல்லிசு மெல்லிசா மரக்கீற்று ஒட்டிட்டே வரணும். கீற்று ஊற என் குளியல் வாளி. வளைக்க என் இஸ்திரிப் பெட்டி. ஒட்டினதைப் பிடிச்சு நிறுத்த என் துணிக் கிளிப். கிளிப் இல்லாம காயப்போட்ட என் உள்பாவாடை எதிர்வீட்டு வாத்தியார் ஜன்னல்ல போய்த் தொங்கிச்சே, அதுக்கு யார் பதில் சொல்றது?

இதுல ஒரு கண்டிப்பு வேற. இடது பக்கம் ஒண்ணு ஒட்டினா உடனே வலது பக்கம் ஒண்ணு. ஒரு பக்கமாவே ஒட்டினா, காயறப்போ இழுத்துக்கிட்டு கப்பலோட முதுகே கோணிக்குமாம்.

ஒரு நாள் இடது பக்கம் ஒட்டின கையோட அவருக்கு வயித்துவலி. குடல்வால் ஆபரேஷன். ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்போ என் கையைப் பிடிச்சார். ஏதோ சொல்லப்போறார்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

"வலது பக்கம் ஒட்டிடும்மா. காயறதுக்குள்ள."

அடப்பாவி மனுஷா!

திட்டிக்கிட்டேதான் வீட்டுக்குப் போனேன். ஊறவெச்சேன், வளைச்சேன். கப்பல் மூக்குக்கு எதிர்ல உக்காந்து, என் வலது கைப் பக்கமா அழகா ஒட்டி, பதினாலு கிளிப் மாட்டினேன். எதிர்ல உக்காந்தா என் வலது அதுக்கு இடதுன்னு, பசை இறுகினப்புறம்தான் புத்திக்கு எட்டிச்சு. இடது பக்கமே ரெண்டு! நான் மூச்சு விடல. அவரும் வந்து பார்த்தார், ஒண்ணும் கேக்கல. மீதியை ஒட்டி முடிச்சு மோட்டாரும் வெச்சார். தப்பிச்சேன்னு நினைச்சேன்.

குளத்துல என்னை இந்தக் கரையில நிறுத்திட்டு, எதிர்க்கரையில ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உக்காந்தார். விட்டேன். ஜம்முனு பாதிக் குளம் போச்சு. அப்புறம் மெல்ல வளைஞ்சு, வாத்துக்கூட்டத்தைச் சுத்தி, என் காலடியிலயே வந்து முட்டிச்சு. மறுபடி விட்டேன். மறுபடி என்கிட்டயே. மூணாவது தடவை வாத்துங்களும் கூடவே வந்துச்சு.

மூச்சு வாங்க ஓடி வந்தார். நானே முந்திக்கிட்டேன். "நான்தாங்க பக்கம் மாத்தி ஒட்டிட்டேன். உங்க ஆசையில மண்ணைப் போட்டுட்டேன்."

"தெரியும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே எண்ணிப் பார்த்தேன்."

"பிச்சு எடுத்திருக்க வேண்டியதுதானே?"

"இதுல நீ ஒட்டினது அது ஒண்ணுதானே. எப்படிப் பிய்க்கிறது?"

குனிஞ்சு கப்பலை இன்னொரு தடவை விட்டேன். இந்தத் தடவை அவர் எதிர்க்கரைக்குப் போகல. என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டார்.