மகள் பெயரில் படித்த அம்பிகா

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் மிஷினில் ஷூவின் மேல்பாகம் தைத்தவள் அம்பிகா. கொரோனா வந்ததும் ஆர்டர் நின்றது. கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார் சூப்பர்வைசர். கூப்பிட ஒன்றேகால் வருடம் ஆயிற்று.

அந்தக் காலத்தில்தான் அவள் மகள் ஹரிணி படித்த மெட்ரிக் பள்ளி செல்போனுக்குள் குடிபோனது. தாளாளர் தமிழ்வேந்தன் அதற்கு 'டிஜிட்டல் வளாகம்' என்று பெயர் வைத்தார். வளாகம் இருந்தது கணக்கு டீச்சர் பாக்யலட்சுமியின் வீட்டு மொட்டைமாடியில். சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில், தண்ணீர்த் தொட்டிமேல் போர்டைச் சாய்த்து வைத்து அவர் தொண்டை கிழியக் கத்துவார். நாற்பத்திரண்டு பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்பதாக நம்பிக்கை. வருகை குறைந்தால் வேறு டீச்சர் பார்க்க வேண்டியிருக்கும் என்று தாளாளர் சொல்லியிருந்தார். அதனால் வருகை குறையவே இல்லை.

எட்டாம் வகுப்பு ஹரிணி முதல் வாரம் ஒழுங்காக உட்கார்ந்தாள். அடுத்த வாரம் 'ப்ரசன்ட் மிஸ்' என்று தட்டிவிட்டுப் போர்வைக்குள் போனாள். மூன்றாம் வாரம் அதைத் தட்டும் பொறுப்பையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜஹீதாவின் மகளோடு கேரம் ஆடப் போய்விட்டாள்.

தட்டிய கையோடு அம்பிகா போனைக் கீழே வைத்திருக்கலாம். ஆனால் ஒருவரும் பதில் சொல்லாமல் அந்த அம்மா கத்துவது அவளுக்குப் பாவமாக இருந்தது. பத்தாம் வகுப்பில் அவளைக் கவிழ்த்துக் கம்பெனிக்கு அனுப்பியதே கணக்குதான். இப்போது அடிக்கவோ சிரிக்கவோ யாருமில்லை. புரியாவிட்டால் 'மிஸ், திரும்ப' என்று தட்டலாம். தட்டினாள். டெஸ்ட் எழுதிப் படமெடுத்து அனுப்பினாள். ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. டீச்சர் ஹரிணியைப் பாராட்டினார்.

"கொஞ்சம் கம்மியா எடும்மா. நாளைக்கு எனக்குத்தான் பேஜார்" என்றாள் ஹரிணி.

அந்த 'நாளைக்கு' 2021 செப்டம்பரில் வந்தது. பள்ளி திறந்தது; வாசலில் வாழைமரம் கட்டி, சானிடைசர் தெளித்தார்கள். ஆன்லைனில் நூறு சதவீத வருகை என்று பள்ளி தனக்குத்தானே விழா எடுத்து, ஹரிணிக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தது. மறுநாள் பாக்யலட்சுமி அவளைப் போர்டுக்கு அழைத்து ஒரு சின்னச் சமன்பாட்டைக் கொடுத்தார். பீரியட் முடியும்வரை ஹரிணி சாக்பீஸைக் கை மாற்றிக்கொண்டே நின்றாள்.

அம்பிகாவை வரச்சொன்னார்கள். வீட்டில் செல்லம் கொடுத்ததால் பிள்ளைக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று தமிழ்வேந்தன் நீளமாகப் பேசினார். அவர் முடிக்கும்வரை அம்பிகா காத்திருந்தாள்.

"அவ மறக்கல சார். படிக்கவே இல்ல. க்ளாஸுக்கு வந்தது நான்தான்."

டீச்சர்தான் முதலில் பேசினார். "டெய்லி 'திரும்ப'ன்னு கேட்டது நீங்களா?"

"ஆமா மிஸ்."

"அது ஒன்னு வந்ததாலதான் யாரோ கேக்கறாங்கன்னு கத்திக்கிட்டு இருந்தேன்" என்றார் பாக்யலட்சுமி. அவர் கண் கலங்கியது.

தமிழ்வேந்தனுக்குக் கவலை வேறு. வெளியே சொல்ல வேண்டாம் என்றார். மீதி நாற்பத்தொரு பேருக்குப் பதிலாக யார் வந்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் விவரமானவர்.

சனிக்கிழமைகளில் பாக்யலட்சுமி தாயையும் மகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட மகளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்து கணக்கு, தாய்க்குப் பத்தாம் வகுப்பு. ஹரிணிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு ரோஷம் வந்தது. 2023-ல் இருவரும் ஒரே நாளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார்கள். கணக்கில் ஹரிணி நாற்பத்தெட்டு. தனித்தேர்வராக எழுதிய அம்பிகா அறுபத்து மூன்று.

மார்க் வந்த அடுத்த வாரமே பள்ளி வாசலில் அம்பிகாவின் படத்தோடு பேனர் ஏறியது: 'எமது டிஜிட்டல் வளாகத்தின் சாதனை மாணவி'. கம்பெனிக்குப் போகிற வழியில் அதைப் பார்த்த அம்பிகா நேராக உள்ளே போனாள்.

"உங்க ரிஜிஸ்டர்ல என் பேரே இல்லியே சார். பேனர்ல மட்டும் எப்டி வந்துச்சு?"

தமிழ்வேந்தன் சிரித்தார். ப்ளஸ் ஒன் அட்மிஷன் முடியும்வரை இருக்கட்டுமே என்றார்.

அம்பிகா அங்கேயே நின்று ஹரிணியின் டி.சி.யைக் கேட்டு வாங்கினாள். அன்று அரை நாள் லீவு போட்டு, மகளை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனாள்.