ஊசி ஐஸ்

லோகேஸ்வரி பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் மூன்று மாடி ஏறி முடித்தபோது மணி பன்னிரண்டு இருபது. கீழ்த்தளத்தில் சத்தியக் கடிதங்களுக்கு முத்திரை குத்தும் கமிஷனர் ஒரு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். மேலே இருக்கும் மார்க்கிரட் அம்மாள் இன்று இரவு மெல்பர்னில் இருக்கும் மகனிடம் விமானம் ஏறுகிறார். திரும்பி வர ஆறு மாதம் ஆகுமாம். திங்கட்கிழமை காலை பதிவு இலாகாவில் லோகேஸ்வரிக்கு நேர்காணல்; அதற்கு அம்மாளின் சத்தியக் கடிதம் வேண்டும். ஆக, கையில் இருந்தது நாற்பது நிமிடம்.

மலேசியாவிலேயே பிறந்து, நாட்டைவிட்டு ஒரு நாள்கூட வெளியே போகாத லோகேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயதாகியும் அடையாள அட்டை கிடையாது. எல்லாம் அவள் அப்பா தம்புசாமி செய்த கூத்து. அவள் பிறந்த பதினாறாம் கட்டை ரப்பர் தோட்டத்தில் ஊசி போடுவது முதல் பிரசவம் பார்ப்பது வரை மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸர்தான் வைத்தியர். அவர் கொடுத்த தடுப்பூசி அட்டையையே பிறப்புப் பத்திரம் என்று நம்பி, தம்புசாமி அதை பிஸ்கட் தகரத்தில் பூட்டி வைத்திருந்தார். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் பெருமையாக அதை நீட்டியபோதுதான் அது பிறப்புப் பத்திரமே அல்ல என்று தெரிந்தது. மகளின் படிப்பு அந்த வாசலோடு சரி. அட்டையும் பிறகு வெள்ளத்தில் போயிற்று.

அன்றிலிருந்து அவள் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில், மூட்டை மூட்டையாக வெங்காயத்தை இடது கையாலேயே நறுக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் போகும்போது போலீஸ் தடுப்பைக் கண்டால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். அவள் பிறந்ததற்குச் சாட்சி சொல்ல உயிரோடு இருப்பவர் டிரெஸரின் மனைவி மார்க்கிரட் அம்மாள் ஒருவர்தான். பத்திரம் இல்லாதவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் வாசு எப்படியோ அவரைத் தேடிக் கண்டுபிடித்திருந்தான்.

"அக்கா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க லா. வேற எதையும் உளறிடாதீங்க," என்றான் வாசு, கதவைத் தட்டும் முன்.

மார்க்கிரட் அம்மாள் எண்பத்திரண்டு வயதிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. அவர் தன் யாழ்ப்பாணத் தமிழில் தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். மானேஜர் பெயர், தொழிலாளர் குடியிருப்பில் எத்தனை லயம், கோயில் எந்தப் பக்கம். வாசு உருப்போட வைத்தபடி லோகேஸ்வரி ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அம்மாளின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"ஏழு வயசில தோட்டத்தை விட்டு வெளிக்கிட்ட பிள்ளைக்கு மானேஜற்ற பேர் இவ்வளவு வடிவா ஞாபகமோ? போன வருஷம் ஒரு புரோக்கர் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தவன். அவளும் இப்பிடித்தான் சொன்னவள். நம்பிக் கையெழுத்து வச்சன். பிறகுதான் தெரிஞ்சது, எல்லாம் பொய். பைபிளில கை வச்சு இன்னொருக்கால் பொய்ச் சத்தியம் பண்ண என்னால ஏலாது."

வாசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மாள் கையமர்த்தினார்.

"அப்ப தோட்டத்தில என்ட வீட்டு ஜன்னலில ஐஸ் விக்கிறனான். அதுக்குப் பிள்ளையள் என்ன பேர் சொன்னனீங்கள்?"

நீளமான பிளாஸ்டிக் குழாயில் சிரப்பை ஊற்றி உறைய வைத்த ஐஸ். தோட்டத்திலேயே ஐஸ்பெட்டி இருந்தது டிரெஸர் வீட்டில் மட்டும்தான். "ஐஸ்கிரீம் மலேசியா," என்றாள் லோகேஸ்வரி. சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது கிள்ளானுக்கு வந்து பழகிய பெயர். பழைய பெயரைச் சொன்னபோது டவுன் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அதை அப்படியே விழுங்கியவள் அவள்.

"இல்ல ஆன்டி! ஊசி ஐஸ். ஊசி ஐஸ்னுதான் சொல்வோம்."

"அதையும் போன வருஷம் வந்தவள் சொன்னவள்," என்று அம்மாள் எழுந்துவிட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. லோகேஸ்வரியிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு விஷயம். வாசுவிடம்கூடச் சொல்லாதது. பொய்க்காரியா என்று சோதிக்கும் மனுஷியிடம் போய்ப் பொய் சொன்ன கதையைச் சொல்வதா? சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

"ஆன்டி, நான் உங்கள ஏமாத்தியிருக்கேன்."

"அக்கா!" என்றான் வாசு.

"ஊசி போட்ட பிள்ளைக்கு டிரெஸரய்யா கையில ஊதா மருந்துல ஒரு பொட்டு வைப்பாரு. அதக் காட்டினா ஜன்னல்ல நீங்க ஒரு ஐஸ் சும்மா குடுப்பீங்க. நான் பசலைப் பழத்த நசுக்கி, நானே பொட்டு வச்சிக்கிட்டு வந்து வாங்கித் தின்னேன்."

அம்மாள் அவளை வெறித்துப் பார்த்தார்.

"எந்தக் கையில?"

யோசிக்காமல் லோகேஸ்வரி இடது கையால் வலது தோளின் சட்டையை விலக்கிக் காட்டினாள். "இங்க, ஆன்டி."

அம்மாள் மெல்ல உட்கார்ந்தார். "அவர் ஒருநாளும் வலக்கையில ஊசி போட்டதில்லை. எல்லாருக்கும் இடக்கைதான்."

லோகேஸ்வரி சட்டையைச் சரிசெய்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"ஒரே ஒரு பிள்ளைதான் வலக்கையில பொட்டோட வந்து நிண்டது. இடக்கைக்காரி. பாத்தவுடன விளங்கிட்டுது. பொட்டு ஒழுகி முழங்கை வரைக்கும் சாறு. சிரிப்பை அடக்கிக்கொண்டு குடுத்தனான். அவரிட்டக்கூடச் சொல்லேல்லை. மூண்டு தரம்."

"நாலு தரம், ஆன்டி," என்றாள் லோகேஸ்வரி.

"தம்புசாமியின்ட மகள்." அம்மாள் கைப்பையைத் திறந்து தன் அடையாள அட்டையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "தம்பி, கையைப் பிடியும், படி இறங்க வேணும். கமிஷனர் ஒரு மணிக்குப் பூட்டிப்போடுவான்."

வாசு பாய்ந்து வந்து பிடித்தான். லோகேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன பாக்கிறீர்? வாரும் பிள்ளை," என்றார் மார்க்கிரட் அம்மாள், வாசலில் திரும்பி. "நீர் பிறந்த அண்டைக்குச் சுடுதண்ணி வச்சது நான்தான்."