துண்டு தொங்கினால் மில் நிற்கும்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நம் நாட்டு வானொலி திடீரென்று ஒழுக்கமாகிவிட்டது. சினிமாப் பாட்டு கெட்ட சகவாசம் என்று மேலிடத்தில் முடிவு செய்ததும், ராயபுரத்தில் நாங்கள் சாயங்காலமெல்லாம் ஆலாபனையும் எரு போடும் முறையும் கேட்டோம். எங்கள் தெருவில் பச்சையாக இருந்தது சாக்கடைப் பாசி ஒன்றுதான். அது எரு இல்லாமலே நன்றாக வளர்ந்தது.

ஆகவே தெருவே சிலோனுக்குத் தாவியது. இங்கே லைசென்ஸ் கட்டிய ரேடியோவில், அங்கேயிருந்து வரும் சினிமாப் பாட்டு! துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த நானும் மொட்டை மாடியில் மூங்கில் நட்டு ஏரியல் கம்பி கட்டினேன். பாட்டு வந்தது. கூடவே ‘கொர்ர்’ என்ற சத்தமும் வந்தது. நாங்கள் குடியிருந்தது மாடியில். கீழே மாவு மில். அதன் மோட்டார் சுழன்றால் சிலோன் கடலில் மூழ்கிவிடும்.

என் மனைவி அப்போது சிலோனுக்கு ஒரு அட்டை போட்டிருந்தாள். ஞாயிறு மதியம் நேயர்கள் கேட்ட பாட்டைப் போடுவார்கள். கேட்டவர்களின் பெயரையும் வாசிப்பார்கள். பாட்டு அவளுக்கு இரண்டாம்பட்சம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பெயரை யாருமே சொன்னதில்லை. தெருவுக்கு அவள் ‘ரேடியோ வூட்டம்மா’. எனக்கு ‘இந்தா’.

“ஒரு தடவை எம் பேரை யாராவது சத்தமா சொல்லிக் கேக்கணும்” என்றாள்.

மில்லுக்கு இறங்கினேன். மில்லுக்காரர் தெற்கத்தி அண்ணாச்சி.

“அந்த நேரத்துக்கு நிறுத்திருதேன் சார். ஆனா எப்ப நிறுத்தணும், எப்ப ஓட்டணும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க மேல நின்னு கத்துனா கேக்காதுல்லா?”

“மாடிக் கைப்பிடிக் கம்பியில என் துண்டு தொங்குனா நிறுத்துங்க. எடுத்தா ஓட்டுங்க.”

கப்பலுக்குக் கொடி காட்ட வேண்டியவனைக் குமாஸ்தாவாக வைத்திருக்கிறார்களே என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் துண்டு தொங்கியது. கீழே மிளகாய் டப்பாவோடு காத்திருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்துத் திட்டினார்கள்.

“இன்னா சார், துண்டு இன்னும் காயலியா? அடுப்புல ஒலைய வச்சிட்டு வந்துகீறேன்!”

கோயமுத்தூர், யாழ்ப்பாணம் என்று யார் யார் பெயரோ வந்தன. அவள் பெயர் வரவில்லை. எனக்கோ உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. ரேடியோவுக்கும் மாடிக் கம்பிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

“கொஞ்சம் நில்லுங்களேன். பேரு வர்றப்ப உங்க காலடிச் சத்தம்தான் கேக்கப்போவுது” என்பாள்.

ஒரு ஞாயிறு. “சென்னை, ராயபுரத்திலிருந்து...” என்றார் அறிவிப்பாளர். அவள் ரேடியோவில் காதை ஒட்டினாள். மாடிக் கம்பியருகே நின்றிருந்த எனக்குக் குப்பென்று வியர்த்தது. வியர்த்தால் மனிதன் என்ன செய்வான்? கைக்கு எட்டிய துண்டை உருவி முகத்தைத் துடைத்தேன்.

அண்ணாச்சி சொன்ன சொல் தவறாதவர். மில் ஓடியது. கொர்ர்...

பதறிப்போய்த் துண்டை மறுபடி தொங்கவிட்டு மோட்டார் அடங்கியபோது, பாட்டு பாதிக்கு வந்திருந்தது. அவள் திரும்பித் துண்டை மட்டும் பார்த்தாள்.

படியில் தடதடவென்று யாரோ ஏறிவந்தார்கள். கல்மண்டபத்துச் சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரன். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

“யக்கா! சலூன் ரேடியோல, சிலோன்ல உன் பேரு வந்துச்சு! கூடவே மில்லு அண்ணாச்சி பேரு. அத்த வச்சித்தான் நீதான்னு கண்டுக்கினேன்.”

“என் பேரு?” என்றேன்.

“உன் பேரு வரல, நைனா.”

அவள் பக்கம் திரும்பினேன்.

“மில்லை நிறுத்துறாரேன்னு, அப்புறம் போட்ட அட்டையில அண்ணாச்சி பேரைச் சேத்தேன். கட்டுன புருஷன் பேரை நான் எப்படி எழுதுவேன்?” என்றவள், அவனிடம் கேட்டாள்: “எப்படிச் சொன்னாங்க?”

அவன் தொண்டையைச் செருமி, சிலோன்காரர் மாதிரியே இழுத்து அவள் பெயரைச் சொன்னான். நுரை தெறித்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னான்.

“மூஞ்சி காயுது யக்கா” என்று ஓடிவிட்டான்.

அவள் சிரித்தாள்தான். ஆனால் வெகுநேரம் ரேடியோவையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தாள். ஊமையாக இருந்த ரேடியோவின் பக்கத்தில் நின்று குரலைக் கனமாக்கி, “சென்னை, ராயபுரத்திலிருந்து...” என்று ஆரம்பித்து அவள் பெயரைச் சொன்னேன். என் வாயிலிருந்து அது வந்தது அதுதான் முதல் தடவை. கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

“கேக்கல” என்றாள் உள்ளேயிருந்து. “இன்னொரு தடவை சொல்லுங்க.”