நான்கு எலுமிச்சம்பழமும் ஓர் உரிமமும்

புது மடிக்கணினி வீட்டுக்கு வந்த வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடாங் செராயில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அதைப் பற்றிப் பேசும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் பேசவில்லை, அதனால் நானே பேசினேன். கூலிம் தொழிற்சாலையில் ஷிப்டு இல்லாத நாள்களில் கல்யாணங்களுக்குப் போய், கேமராவைக் கணினியோடு இணைத்து, மேடையில் நடப்பதைப் பெரிய திரையில் அப்படியே காட்டுவது என் திட்டம். பின்வரிசையில் உட்கார்ந்து யார் யாருடைய முதுகையோ பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போன கல்யாணங்கள் எனக்கு நிறைய உண்டு. அந்தக் கோபத்தில் பிறந்த தொழில் இது.

கணினி விற்ற கடைக்காரர், உள்ளே போட்டு வரும் சிஸ்டத்தில் ஹோம், புரோ என்று இரண்டு வகை இருப்பதாகச் சொன்னார். நான் மறுபேச்சு இல்லாமல் புரோ என்றேன். ஹோம் என்றாலே எனக்கு எரிச்சல். வீட்டில் வேண்டிய அளவு இருந்து பார்த்துவிட்டேன். சிஸ்டத்துக்கான உரிமம் கணினியோடே வருகிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம் என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதே வாரம் என் கணவர் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடாமல் எங்கள் பக்கத்தில் யாரும் ஓட்டுவதில்லை. எஸ்டேட் கோயிலில் பூசாரி தேங்காய் உடைத்து, காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கணவர் காரை முன்னால் நகர்த்த, பழங்கள் நசுங்கின. இனி எந்தக் கண்ணும் படாது. அப்போதுதான் பின் சீட்டிலிருந்த என் கணினியைப் பூசாரி பார்த்தார்.

"இதும் புதுசா?"

"புதுசுதான் சாமி. தொழிலுக்கு வாங்கினது."

"அப்ப அதையும் விடுவானேன், கொண்டாங்க."

கல் மேடையில் கணினியை வைத்தோம். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தூக்கி அடியில் பார்த்தவர் முகம் மலர்ந்தது. நான்கு மூலையிலும் நான்கு ரப்பர் கால்கள். கார் முறையே இதற்கும் பொருந்திவிட்டது. நான்கு காலுக்கும் நான்கு பழம் வைத்தார். டயர் என்றால் உருளும், இது எப்படி உருளும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, மேலே இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினார். பழங்கள் கெட்டியாக இருந்தன. என் கணவரும் போய்ச் சேர்ந்து அழுத்தினார். ஒன்றன்பின் ஒன்றாகப் பழங்கள் வெடித்தபோது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். காற்றுப் போவதற்கான ஓட்டைகள் கணினிக்கு அடியில்தான் இருக்கின்றன என்பது மூன்று பேருக்குமே தெரியாது.

மறுநாள் கணினி திறக்கவில்லை.

கூலிமில் கணினி பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். என்னைவிட வயதில் சின்னவர், வாய் மட்டும் பெரியது. அடிமூடியைக் கழற்றியதும் மோந்து பார்த்தார்.

"அக்கா, உள்ள ஊறுகா போட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு, பூசாரி உள்ளங்கையை வைத்து அழுத்திய காட்சி நினைவுக்கு வந்து, நானும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை என்று கேட்டிருக்கிறேன், பிள்ளையாரையே சாட்சிக்கு வைத்துக்கொண்டு குரங்கு பிடித்தது நாங்களாகத்தான் இருக்கும்.

மதர்போர்டு முழுக்க ரோசாக், கெட்டுப்போச்சு, இனி தேறாது என்றார் பாய். என் அதிர்ஷ்டம், அதே மாடல் கணினி ஒன்று அவரிடம் கிடந்தது. யாரோ கீழே போட்டுத் திரை நொறுங்கி, வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போனது. அதன் போர்டை எடுத்து என்னுடையதில் மாட்டினார். கோப்புகள் இருக்கும் பாகம் வேறு, அதற்குச் சேதமில்லை. கணினி திறந்தது. வைத்த படங்கள், போட்ட மென்பொருள்கள் எல்லாம் அப்படியே இருந்தன. நான் பாய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே வீடு வந்தேன்.

முதல் வேலை கொடுத்தது என்னோடு தொழிற்சாலையில் ஒரே லைனில் நிற்கும் பெண். அவளுக்குத்தான் கல்யாணம். அவள் அம்மா செர்டாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது.

"அப்பா போனதுலேர்ந்து அம்மா எந்தக் கல்யாணத்துலயும் முன்னால வர்றதில்லக்கா. கடைசி வரிசைலதான் உக்காருவாங்க. என் கல்யாணத்துக்கும் அப்படித்தானாம். நான் சண்ட போட்டுப் பாத்துட்டேன், முடியலலா. அதனால ஸ்கிரீன் பெருசா வேணும். அம்மா அங்கேர்ந்தே எல்லாத்தையும் பாக்கணும்."

கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்று, ஒண்டியாய் வளர்த்து, கல்யாணமும் செய்து வைக்கிறவர் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையில் பார்க்க வேண்டுமாம். ஆனால் திட்டி என்ன ஆகப்போகிறது. ஊசி முனை வரை தெரியும்படி காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பாடாங் செராய் டேவானில், அதாவது பொது மண்டபத்தில், ஒத்திகை பார்த்தோம். அம்மாவும் வந்திருந்தார். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. கடைசி வரிசையில் தன் நாற்காலியை அன்றே தேர்ந்தெடுத்து உட்கார்ந்துவிட்டார். நான் கேமராவை இணைத்தேன். வெறும் மேடை திரையில் வந்தது. கூடவே வலது கீழ் மூலையில், வெளிறிய எழுத்தில், இரண்டு வரி ஆங்கிலம். சிஸ்டத்தைச் செயல்படுத்துங்கள், உரிமம் உறுதியாகவில்லை என்கிற மாதிரி. அணைத்துப் போட்டேன், அதே எழுத்து. கேமராவை நகர்த்தினேன், படம்தான் நகர்ந்தது, எழுத்து அங்கேயே நின்றது.

"ஓரத்துல என்னமோ எழுதியிருக்கேம்மா, என்ன அது?" என்றார் அம்மா.

யோசிக்காமல் பதில் சொல்வது என் பிறவிக் குணம். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி. இதுக்கு இன்னும் உரிமை இல்லன்னு சொல்லுது."

அவர் முகம் மாறிவிட்டது. "நான் வேணும்னா வெளிய நின்னுக்கறேன்மா. வாசல் பக்கத்துலேர்ந்தே பாத்துக்கலாம்" என்று எழுந்தார். ஐயோ அது கணினிக்குச் சொல்கிறது, உங்களுக்கு இல்லை என்று நான் விளக்கியதும் உட்கார்ந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மேடையைப் பார்க்கவில்லை, மூலையில் இருந்த அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வரி கல்யாணத்தன்று திரையில் இருக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நேராகப் பாயிடம் ஓடினேன். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். போர்டை மாற்றியபோது அவரும் இதைக் கவனிக்கவில்லை. "ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, போட்டா எழுத்து ஓடிடும்" என்றார். அதன் தரம் எனக்குத் தெரியும். என் கொழுந்தனார் அப்படி ஒன்றைப் போட்டார், அதற்குப் பிறகு கணினியைத் திறந்தாலே சூதாட்ட விளம்பரம். தாலி கட்டும் நேரத்தில் அது திரையில் குதித்தால் நான் ஊரைவிட்டே போகவேண்டியதுதான். வேண்டாம் பாய், நான் காசு கொடுத்து வாங்கிய பொருள், நியாயம் கேட்கிறேன் என்று கணினி செய்த கம்பெனியின் உதவி எண்ணை அவர் கடையிலேயே கூப்பிட்டேன்.

ஒரு பெண் எடுத்தாள். மலாயில் மிக மரியாதையாகப் பேசினாள். இதே கணினியில்தான் சிஸ்டம் முதலிலிருந்தே இருக்கிறதா என்றாள். ஆமாம் என்றேன். ஏதாவது பாகம் மாற்றினீர்களா என்றாள். போர்டை மாற்றினேன் என்றேன். பழைய போர்டுக்கு என்ன ஆனது என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. லிமாவ் என்றேன். லிமாவா என்றாள். நான்கு லிமாவ், கீழே வைத்து அழுத்தினோம் என்றேன்.

அவள் மலாயை விட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் தமிழில் கேட்டாள்: "அக்கா, கோயில்லயா வச்சீங்க?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கோயில்லதான்மா. காருக்கு வச்ச மாதிரியே வச்சாரு."

"எங்கப்பா வாசிங் மெசினுக்கு வச்சாரு. அது பரவால்ல, தண்ணில ஓடுற சாமான்." இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் பொறுமையாகச் சொன்னாள். கணினியோடு வருகிற உரிமம் பெட்டிக்கோ எனக்கோ சேர்ந்ததல்ல, உள்ளே இருக்கும் அந்தப் போர்டுக்குச் சேர்ந்தது. செய்யும்போதே உள்ளே எழுதி வைத்துவிடுகிறார்கள். கம்பெனியே மாற்றித் தந்திருந்தால் புதிதாக எழுதித் தருவார்கள். வெளிக்கடையில் மாற்றினால் கணக்குப்படி இது வேறு கணினி. "உங்க பழைய போர்டு போச்சுன்னா அதோட உரிமமும் போச்சுக்கா. அதத் திருப்பித் தர என்னால முடியாது."

"அப்ப நான் என்னதான் செய்யறது?" என் குரல் ஏறிவிட்டது. பாய் கையமர்த்தினார்.

"கோவப்படாதீங்க. புது போர்டு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள் போனில்.

அதே மாடல், திரை உடைந்தது என்றேன்.

"அப்ப அதுக்குன்னு ஒரு உரிமம் உள்ளயே இருக்குமே. அத யாரும் பாக்கலயா? அது ஹோமா இருக்கும். நீங்க மேல புரோவ வச்சுக்கிட்டு இருக்கீங்க, அதான் ஒத்துக்க மாட்டேங்குது."

பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போன போர்டின் பங்கைக் கேட்டு இந்தப் போர்டின் வாசலில் நின்றிருக்கிறோம். அதன் கையில் சொந்தமாக ஒன்று இருக்கிறதா என்று இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

படங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பாய் எல்லாவற்றையும் அழித்துச் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினார். எந்த வகை வேண்டும் என்று அது கேட்கவில்லை. எண் கேட்கவில்லை. தானாகவே ஹோம் என்று எடுத்துக்கொண்டது. முடிந்ததும் செட்டிங்கைத் திறந்து பார்த்தோம். உரிமம் செயலில் உள்ளது என்று இருந்தது. மூலை வெறுமையாக இருந்தது. அப்படி ஒரு வெறுமையை நான் அதற்கு முன் ரசித்ததில்லை. கடை நடுவே நான் போட்ட ஆட்டத்தைப் பாய் போனில் படம் பிடித்துவிட்டார். இன்றுவரை அழிக்க மறுக்கிறார்.

கல்யாணத்தன்று காலை டேவானுக்கு முதலில் போனவர்களில் நானும் ஒருத்தி. அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். முதல் வேலையாகத் திரையைப் போட்டுக் காட்டினேன். மூலையை உற்றுப் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு ஆன்ட்டி." அப்புறம் எனக்கு வாய் நிற்குமா? கோயில், பழம், பாய், போனில் பேசிய பெண் எல்லாவற்றையும் கொட்டினேன். பூசாரியும் என் கணவரும் சேர்ந்து அழுத்திய இடத்தில் அவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "பழசு போனதோட எல்லாம் போச்சுன்னுதானே சொன்னாங்க?"

"அதோடது அதோட போச்சு ஆன்ட்டி. இதுக்குன்னு சொந்தமா ஒண்ணு இருந்துச்சு."

"அது யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. அது உண்டானப்பவே கூட வந்தது. நாங்கதான் பாக்காம வுட்டுட்டோம்."

"ம்" என்றார். பிறகு, பசியாறினாயா என்று கேட்டார். நான் இல்லை என்றதும் இட்டிலி வாங்கித் தின்னச் சொல்லி விரட்டினார்.

முகூர்த்த நேரம். கேமரா மேடைக்கு எதிரே நின்றது. ஐயர் தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டோடு கொடுக்க, மாப்பிள்ளையின் தங்கை அதைப் பெரியவர்களிடம் கொண்டுபோனாள். ஒவ்வொருவராகத் தொட்டு ஆசீர்வதித்தார்கள். தட்டு முதல் வரிசைகளைச் சுற்றியது. கடைசி வரிசைக்குப் போகாமல் வழக்கம்போல மேடைக்குத் திரும்பியது. நான் தட்டை விடாமல் காட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று திரை முழுக்க ஒரு பச்சைப் புடவை. யாரோ கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில், யாரது, கண்ணு தெரியலையா என்று கத்த வாயைத் திறந்தேன். புடவை விலகிப் படியேறியது. திரையில் முகம் தெரிந்தது. அம்மா.

அருகில் நின்ற ஒரு பெண்மணி அவர் முழங்கையைப் பிடித்தார். அம்மா சண்டை போடவில்லை. அந்தக் கையை மெல்ல எடுத்து விட்டுவிட்டு, தட்டின் முன்னால் போய் நின்றார். மாப்பிள்ளையின் தங்கை ஐயரைப் பார்த்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். நாதஸ்வரக்காரரும் நிறுத்திவிட்டார். காய்த்துப்போன அந்த விரல்கள் தாலியைத் தொட்டதைப் பின்வரிசைவரை அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் கேமராவை அசைக்கவில்லை.

ஐயருக்காக வைத்திருந்த மைக் மணமகள் முகத்துக்கு நேரே இருந்தது. அவள் அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னாள், டேவானே கேட்டது.

"ஏம்மா இவ்ளோ நேரம்?"