கண்ணாடிக் குழாய்க்குச் சந்தனம்

இன்றும் என் கண்ணில் நிற்பது அந்தக் கண்ணாடிக் குழாய்தான். உள்ளே வெள்ளை மாவு போலச் சிலிக்கா, கழுத்தில் சாமந்திச் சரம், அடியில் இருக்கும் திருகில் கொழகொழவென்று சந்தனம். தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த புதிது. அன்று ஆயுத பூஜை. இப்போது நான் இருக்கும் கம்பெனியில் எந்தச் சாறானாலும் மெஷினே பிரித்து மெஷினே பிடித்துக்கொள்கிறது. பொட்டு வைக்கக்கூட இடமில்லை.

குழாய் எங்கள் சீனியர் அக்காவுடையது. மூலிகைச் சாற்றை மேலே ஊற்றினால், அதிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கீழே சொட்டும். அதைச் சின்னச் சின்னப் புட்டிகளில் பிடித்து, மூலக்கூறின் எடையைச் சொல்லும் மாஸ் ஸ்பெக் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். நகருக்குள் இருந்த அந்த மெஷினில் இடம் கிடைக்க அக்கா மாதக்கணக்கில் காத்திருந்தார். புதுப் பொருள் ஒன்றைக் காட்டினால்தான் அவருக்குப் பட்டம்.

எங்கள் வழிகாட்டியான சார் சாதாரண பக்திமான் இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, ஃபேன் ஸ்விட்சுக்கும் பொட்டு. பூஜையன்று எந்தக் கருவியும் ஓடக்கூடாது என்பது அவர் சட்டம். அக்கா விடவில்லை.

“பாதியில நிறுத்துனா உள்ள காஞ்சு விரிசல் விட்டுடும் சார். என்கிட்ட வேற சாறு இல்ல.”

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரிம்மா, ஓடட்டும். பொட்டு வச்சுக்கிட்டு ஓடட்டும்.”

ஓடியது. திருகில் கசிந்த திரவம் சந்தனத்தையும் கரைத்துக்கொண்டு புட்டியில் விழுந்தது. சுண்டல் மும்முரத்தில் யார் அதைப் பார்த்தார்கள்!

மெஷினிலிருந்து முடிவு வந்தது. அந்த மூலிகையில் யாருமே பார்க்காத எடை! சாருக்குத் தலைகால் புரியவில்லை. பொருளுக்குப் பெருமாள் பெயரையே வைப்பதாக வேண்டிக்கொண்டு, மூட்டு வலியோடு திருநீர்மலை ஏறிவிட்டு வந்தார். மறுநாள் அடுத்த சோதனைக்காக அக்கா மிச்சமிருந்த புட்டியைத் திறந்தார்.

“இன்னாக்கா, கோயில் வாசன வருது?” என்றேன்.

அக்கா முகர்ந்து பார்த்தார். திருகைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரிப்பை அடக்க பாத்ரூமுக்கு ஓடினேன். போனதும் எனக்கு அழுகைதான் வந்தது. புதுப் பொருள் என்று வந்தது திருகில் இருந்த சந்தனம்! பாவம், இத்தனை நாள் பாடும் பாழ்.

விஷயம் தெரிந்த சாரோ மூலிகை சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா யாரிடமும் சாரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுபடி மூலிகை தேடி, காய்ச்சி, பிரித்து, இந்த முறை நிஜமாகவே ஒரு புதுப் பொருளைப் பிடித்தார்.

கடைசியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டியபடி, ஒரே வேலையை ஏன் இரண்டு தடவை செய்தாய், முதல் தடவை அலட்சியமா என்று பிடித்துக்கொண்டார். அலட்சியமாகச் செய்தவரின் இரண்டாவது முடிவை மட்டும் எப்படி நம்புவது என்றார். பட்டம் போயிற்று என்றே நினைத்தேன்.

சார் எழுந்தார். எல்லாப் பேராசிரியர்களும் உட்கார்ந்திருந்த கூடம் அது.

“அந்தப் பொண்ணு வேலை சுத்தம் சார். ஆயுத பூஜைக்குக் குழாய்த் திருகுல சந்தனம் வச்சது நான்.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அக்காவின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சார் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:

“எங்க லேப்ல எலுமிச்சம்பழம் சார்.”